கிழக்கு மூலைக் கல்

காமயகவுண்டன்பட்டியில் எங்கள் தோட்டத்து வாசலில் இடப்பக்கம் நிற்கிற கல்லுக்காலில், கழுத்து உயரத்துக்கு ஒரு கோடு ஓடுகிறது. நகம் உட்காருகிற அளவுக்குப் பள்ளம், துரு நிறம். அதற்கு மேலே, கல்லின் தலையில், இரண்டு விரல் அகலத்தில் ஒரு காடி. காடியின் உள்மூலையில், மழை கழுவமுடியாத இடத்தில், மயில்கழுத்து நிறத்தில் ஒரு கறை. வருகிற உறவுக்காரர்கள் இந்தக் கறையைப் பார்த்துவிட்டு, "இதைச் சுரண்டி எடுத்திருக்கலாமே" என்கிறார்கள். நான் எடுக்கவிடவில்லை. இந்தக் கல் எங்கெங்கே இருந்தது, என்ன வேலை பார்த்தது என்பதற்கு இந்த மூன்று தடயங்கள்தான் சாட்சி.

கல் பிறந்தது ஒரு கரட்டில். கம்பம் பள்ளத்தாக்கில் ஒருபக்கம் மேகமலை, மறுபக்கம் ஏலமலைத் தொடர். இடையில் தனித்தனியே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் சிறு குன்றுகளை நாங்கள் கரடு என்போம். இந்தப் பக்கத்துப் பாறைகள் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில் வெந்து, ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பே இறுகியவை. அவற்றில் ஓர் இனத்துக்குப் புவியியலாளர்கள் சார்னோகைட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் வந்த கதை எனக்குப் பிடிக்கும். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொல்கத்தாவில் இறந்துபோன ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறையில் வைக்க, சென்னைப் பக்கத்துப் பல்லாவரத்துக் கல் ஒன்று அவ்வளவு தூரம் போனது. இருநூறு ஆண்டு கழித்து அந்தக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர், இறந்தவரின் பெயரையே கல்லின் இனத்துக்குச் சூட்டிவிட்டார். பல்லாவரத்துக் கல் கொல்கத்தாவில் பெயர் வாங்கித் திரும்பி வந்த கதை. எங்கள் கல் அவ்வளவு தூரமெல்லாம் போகவில்லை. அதன் பயணம் மொத்தமும் ஒரு பள்ளத்தாக்குக்குள் அடங்கிவிட்டது.

கல்லை உடைப்பது என்பார்கள். பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அதைப் பிளப்பது என்று சொல்லவேண்டும். மரத்துக்கு இருப்பதுபோலக் கல்லுக்கும் ஓட்டம் உண்டு. கல் வேலைக்காரர் பாறையின் மேல் தண்ணீர் தெளித்து, அது எந்தப் பக்கம் காய்கிறது, எந்தப் பக்கம் ஊறி நிற்கிறது என்று பார்ப்பார். சுத்தியலால் தட்டிக் காது கொடுப்பார். கணீரென்றால் உடம்பு நல்ல உடம்பு. பொத்தென்றால் உள்ளே கீறல். பிறகு ஒரு நேர்க்கோட்டில் உளியால் வரிசையாகக் குழி கொத்தி, ஒவ்வொன்றிலும் ஓர் இரும்பு ஆப்பு. முதல் ஆப்பில் தொடங்கிக் கடைசி ஆப்பு வரைக்கும் ஒவ்வோர் அடி, மறுபடி முதலிலிருந்து. அடி விழ விழ ஆப்பின் சத்தம் மெலிந்து உயர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் கை நிற்கும். அடிக்காமல் காத்திருப்பார். சிறுவயதில் அந்த இடைவெளியில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பிறகு பாறை தானாகவே, துணி கிழிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தத்தோடு, கோடு போட்ட வழியில் விட்டுக்கொடுக்கும். பந்தல் கல்லை யாரும் இழைப்பதில்லை. பிளந்த முகம் அப்படியே இருக்கும். அதனால்தான் எங்கள் வாசல் கல்லின் ஓரத்தில் கீழிருந்து மேல்வரை பாதிப்பாதிக் குழிகள் வரிசையாகத் தெரிகின்றன. கடித்துவைத்த கொய்யாவின் பல்தடம் மாதிரி. மறுபாதிக் குழிகள் அதன் உடன்பிறந்த கல்லில் இருக்கும். அது எந்தத் தோட்டத்தில் நிற்கிறதோ.

1980களின் நடுவில் அப்பா திராட்சை போட்டபோது இந்தக் கல் எங்கள் நிலத்துக்கு வந்தது. லாரி, ஊருக்குள் காந்தி கோயிலைக் கடந்து, மண்பாதையில் இறங்கி, வாய்க்கால் கரையில் நின்றுவிட்டது. அதற்கு மேல் வண்டி போகாது. அங்கிருந்து ஒவ்வொரு கல்லையும் கயிற்றுத் தூளியில் போட்டு, மூங்கில் கொடுத்து, ஆட்கள் தோளில் சுமந்தார்கள். உள்ளே நிற்கிற சாதாரணக் கால் எட்டடி நீளம், ஆறங்குலச் சதுரம். கணக்குப் போட்டால் நூற்றைம்பது கிலோ. மூலைக்கல் ஒன்பது அடி, எட்டங்குலச் சதுரம். முந்நூறு கிலோவுக்கு மேல். தூக்கியவர்கள் ஆறு பேர் என்று அப்பா சொல்வார்.

மூலைக்கல் ஏன் பருமன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், பிறகு வருவதற்கெல்லாம் அதுதான் காரணம். திராட்சைப் பந்தல் என்பது கம்பிகளால் பின்னிய ஒரு கூரை. கால்கள் வரிசையாக நிற்க, அவற்றின் தலைமேல் குறுக்கும் நெடுக்கும் ஜிஐ கம்பிகள். கொடி ஏறிப் படர்ந்து, இலை மூடி, கொத்துக்கள் தொங்க ஆரம்பித்தால், அத்தனை பாரமும் கம்பி வழியே நான்கு ஓரங்களுக்கும் இழுவையாகப் போய்ச் சேரும். உள்ளே நிற்கிற கால்கள் பாரத்தை மேலிருந்து கீழாகச் சுமந்தால் போதும். ஓரக்கால்களும், அவற்றைவிட அதிகமாக மூலைக்கால்களும், இரவு பகலாக உள்ளே சாயச்சொல்லி இழுக்கும் கம்பியை எதிர்த்து நிற்கவேண்டும். அதனால் மூலைக்கல்லை வெளிப்பக்கம் சற்றே சாய்த்து நடுவார்கள். போதாததற்கு அதன் தலையிலிருந்து வெளியே ஒரு கம்பி இறங்கி, மண்ணுக்குள் புதைத்த ஒரு பாறைத்துண்டில் போய்க் கட்டியிருக்கும். கயிறு இழுக்கும் போட்டியில் வரிசையின் கடைசியில், குதிகாலை மண்ணில் ஊன்றிப் பின்னால் சாய்ந்திருப்பவனைப் பார்த்திருப்பீர்கள். அதே நிலைதான். வாசலில் நிற்கிற கல் கிழக்கு மூலையில் அப்படி முப்பது வருடத்துக்குப் பக்கமாக நின்றது. கழுத்தில் ஓடும் துருக்கோடு அந்தக் கம்பி அறுத்த தடம்.

பந்தலின் கீழே உலகம் வேறு. வெளியே வெயில் காய்ச்சும்போது உள்ளே பச்சை வெளிச்சம். பன்னீர் திராட்சை பழுக்கிற நாட்களில் மணம் சாலைவரை வரும். கொடியியலார் மஸ்கட் ஹாம்பர்க் என்று சொல்கிற இந்த இனத்துக்கு, கம்பம் பன்னீர் திராட்சை என்ற பெயரில் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரும்பாலான இடங்களில் பருவம் பார்த்துக் காய்க்கிற கொடி, இந்தப் பள்ளத்தாக்கில் கவாத்து அடிக்கிற தேதியை வைத்துக் காய்க்கிறது. அதனால் ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் வெட்டு இருக்கும். முல்லைப் பெரியாறு அணையை 1895இல் பென்னிகுவிக் கட்டி, மேற்கே போன தண்ணீரை மலைக்குள் குடைந்து இந்தப் பக்கம் திருப்பியிராவிட்டால் இதில் எதுவும் இல்லை என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். பொங்கலன்று அவர் படத்துக்குப் பூப்போடுகிற ஊர்கள் இவை.

இனி அந்த மயில்கழுத்துக் கறை. திராட்சைக்கு எமன் அடிச்சாம்பல் நோய். இலையின் அடியில் வெள்ளையாகப் பூக்கும், ஒரு வாரம் அசந்தால் தோட்டம் கருகிவிடும். அதற்கு மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளிப்பார்கள். போர்டோ கலவை. நூறு லிட்டர் தண்ணீருக்குத் துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ. இரண்டையும் தனித்தனியே கரைத்துக் கடைசியில் சேர்க்கவேண்டும். கலந்த கலவையில் அரிவாளின் நுனியை முக்கி எடுத்துப் பார்ப்பார் அப்பா. இரும்பில் செம்பு ஏறிச் சிவந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் ஊற்றவேண்டும். தெளித்த மறுநாள் தோட்டமே நீலம் பூத்திருக்கும், இலை, கம்பி, கல், தெளித்தவரின் புருவம் உட்பட.

இந்த மருந்து பிறந்ததே வேலி ஓரத்தில்தான். பிரான்சில் போர்டோவுக்குப் பக்கத்து மெடாக் பகுதியில் சாலையோரத் திராட்சைக் கொடிகளின் பழங்களை வழிப்போக்கர்கள் பறித்துத் தின்றுவிடுவார்கள். தோட்டக்காரர்கள் கசப்பாகவும் விஷம்போலவும் தெரியட்டும் என்று ஓரத்து வரிசைகளில் மட்டும் துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து அடித்து வைத்தார்கள். 1882இல் அந்தப் பக்கம் நடந்துபோன மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர், தோட்டம் முழுதும் அடிச்சாம்பலில் இலை உதிர்ந்து கிடக்க, சாலையோர வரிசை மட்டும் பச்சையாக நிற்பதைப் பார்த்தார். மூன்று வருடம் சோதித்து 1885இல் கலவையை உலகுக்குச் சொன்னார். திருடனை விரட்டப் பூசியது நோயை விரட்டியது. அங்கே ஒரு வேலியாகத் தொடங்கிய நீலம், கடல் தாண்டி, எங்கள் ஊர்க் கல்லின் காடியில் வந்து ஒளிந்துகொண்டிருக்கிறது. இதைச் சுரண்டச் சொல்கிறார்கள்.

கிழக்கு மூலைக்கல்லுக்குப் பந்தலில் இன்னொரு வேலையும் இருந்தது. கம்பியை முறுக்கிக் கட்டிய பிறகு மிஞ்சிய நுனி ஒரு சாண் நீளத்துக்கு வாலாக நீட்டிக்கொண்டிருந்தது. அதை யாரோ வளைத்துக் கொக்கியாக்கியிருந்தார்கள். கவாத்துக்கும் பழம் வெட்டுக்கும் வருகிற பெண்கள், காலையில் வந்ததும் தூக்குவாளியை அதில் மாட்டுவார்கள். எறும்பு ஏறாது, நாய் எட்டாது. அதிலும் ஓர் அக்காவின் வாளி எப்போதும் முதலில் மாட்டப்படும். அவர்தான் முதல் ஆளாக வருவார். பழைய சோறும் சுண்டவத்தலும். மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு நான் வந்தால் ஒரு கை எனக்கும் உண்டு.

கொடிக்கு வயதுண்டு, கல்லுக்கு இல்லை. இரண்டு தலைமுறைக் கொடிகளை அந்தக் கற்கள் சுமந்தன. மூன்றாவது தலைமுறை நடுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. பழம் வெட்டுகிற நாளில் மழை பிடித்துக்கொண்டால் பழம் வெடிக்கும். வெடித்த பழத்தை வாங்க ஆள் வராது. அடுத்தடுத்து இரண்டு வெட்டு அப்படிப் போனது. அப்பாவுக்கும் முடியவில்லை. கொடியை அறுத்துப் போட்ட நாளில் அவர் தோட்டத்துக்கு வரவில்லை. கம்பியைச் சுருட்டி எடைக்குப் போட்டோம். கால்களைப் பக்கத்து ஊர்க்காரர்கள் பாகல், பீர்க்கன் பந்தலுக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். ஒன்று எங்கள் வாய்க்கால்மேல் பாலமாகப் படுத்தது. ஒன்று துவைக்கிற கல்லாயிற்று. இரண்டை வேப்பமரத்தடியில் அடுக்கி உட்காரும் திண்ணையாக்கினோம். நான்கு மூலைக்கல்லை மட்டும் யாரும் கேட்கவில்லை. பாரம் அதிகம், வண்டிக்கூலி கட்டாது. கிழக்கு மூலையில் சாய்ந்தபடியே, இழுக்கக் கம்பி இல்லாமல், இந்தக் கல் பல வருடம் வெறுமனே நின்றது. ஓணான் மட்டும் காலைவெயிலுக்கு அதன் தலையில் ஏறும்.

தென்னையும் வாழையும் வைத்துத் தோட்டத்தைத் திரும்ப எடுத்தபோது முகப்பில் ஒரு நல்ல வாசல் வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. அதில் நான் செய்த தவறைச் சொல்லவேண்டும். செங்கலில் ஒன்றரை அடிச் சதுரத்துக்கு இரண்டு தூண் எழுப்பி, சிமெண்ட் பூசி, அதன்மேல் மெல்லிய கல்பலகைகளை ஒட்டினோம். பார்க்கக் கல்லடுக்கு மாதிரி இருக்கும். படம் பார்த்துத் தேர்ந்தெடுத்தது நான்தான். பன்னிரண்டு அடி வாசலுக்கு ஆறடி அகலத்தில் இரண்டு இரும்புக் கதவு. முதல் வருடம் எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது கோடையில் மேற்குப் பார்த்த முகத்தில் பலகைகள் ஒவ்வொன்றாக உரிய ஆரம்பித்தன. மத்தியான வெயிலில் கல் விரிகிற அளவும் பின்னாலிருக்கும் பூச்சு விரிகிற அளவும் வேறு. கோடைமழையின் தண்ணீர் அந்த இடுக்கில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அதைவிட மோசம் தூணே சாய்ந்தது. ஒரு கதவு நூற்றிருபது கிலோ. அதன் பாரம் கீலிலிருந்து மூன்றடி தள்ளி நடுவில் இருக்கிறது. மேல்கீலுக்கும் கீழ்க்கீலுக்கும் நாலடி இடைவெளி என்றால், மேல்கீல் தூணை வாசலின் பக்கம் தொண்ணூறு கிலோ இழுவையோடு ஓயாமல் இழுக்கிறது. இதெல்லாம் பிறகு போட்டுப் பார்த்த கணக்கு. ஆடிக்காற்றில் கதவு அடித்துக்கொண்டபோது எனக்குத் தெரிந்ததெல்லாம், கதவின் நுனி தரையை உரசுகிறது என்பது மட்டுந்தான். ஆண்டிப்பட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்றுதான் எங்களுக்கும் வீசுகிறது. அதை நான் நினைக்கவில்லை.

தூணை இடிக்க வந்த கொத்தனார் அண்ணன், இடிக்கிறதற்கு முன்னால் தோட்டத்தை ஒரு சுற்று சுற்றினார். கிழக்கு மூலையில் போய் நின்று, கல்லை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"தம்பி, இத வச்சுக்கிட்டா வெளிய கல்லுத் தேடுனீங்க?"

"பழைய பந்தக் கல்லுண்ணே. அங்கிட்டு இங்கிட்டுச் சில்லுப் போயிருக்கு. வாசலுக்கு அழகா இருக்காதேன்னுதான்..."

"உள்கல்லா இருந்தா நானே வேணாம்பேன். இது மூலைக்கல்லுப்பா. பொறந்ததுலருந்து இழுத்த இழுப்புக்கு நின்ன கல்லு. ஒங்க கேட்டு இழுக்குறதெல்லாம் இதுக்கு ஒரு இழுப்பா?"

அந்தப் பேச்சில்தான் எனக்கு உறைத்தது. கம்பி எந்தப் பக்கம் இழுத்ததோ, கதவும் அதேபோலத் தலையில் பிடித்து ஒரே பக்கம் இழுக்கிறது. புது வேலைக்கு இதைவிடப் பழகிய ஆள் கிடையாது.

ஆடி முடியட்டும் என்று காத்திருந்து ஆவணியில் எடுத்தோம். தோண்டத் தோண்ட, கல்லின் அடியைச் சுற்றி அந்தக் காலத்து ஆட்கள் கெட்டித்து வைத்த உருண்டைக் கற்கள் அச்சுப்போல வந்தன. சிமெண்ட் ஒரு கரண்டிகூட இல்லை. அந்த உருண்டைகளையும் சேர்த்தே டிராக்டரில் ஏற்றச் சொன்னார் கொத்தனார் அண்ணன். அன்று ஆறு பேர் தோளில் வந்து இறங்கிய கல், ஜேசிபியின் கையில் ஐந்து நிமிடத்தில் ஏறிவிட்டது. முந்நூறு அடி தூரம். அதன் வாழ்க்கையில் அதுதான் மூன்றாவது பயணம், எல்லாவற்றிலும் சின்னது.

வாசலில் மூன்றடிக் குழி. அடியில் ஒரு தட்டைக் கல். குழிக்குள் நவதானியமும் ஒரு செப்புக்காசும் போட்டு அம்மா பால் ஊற்றினார். மூன்று சவுக்குக் கழிகளை முக்காலியாக நிறுத்தி, செயின் பிளாக் மாட்டிக் கல்லை எழுப்பினார்கள். கடைசி அரை அடி எப்போதும் கையால்தான். கடப்பாரையால் நெம்பி, அடியில் சில்லு கொடுத்து, தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு இரண்டு முகமும் பார்த்தார்கள். பிளந்த கல்லுக்கு நேரான முகம் கிடையாது. அதனால் எந்த இடத்தில் நூலைப் பிடிப்பது என்பதிலேயே அரைமணி நேரம் போனது. கண்ணுக்கு நேராக இருக்கிற நிலைதான் நேர், நூல் சொல்வதில் பாதியைக் கேட்டால் போதும் என்றார் கொத்தனார் அண்ணன். பிறகு வெளிப்பக்கம் ஒரு நூலளவு சாய்த்தே நிறுத்தினார். கேட்டதற்கு, "பழகுன ஒடம்பு, அப்படியே நிக்கட்டும்" என்றார். கதவு மாட்டியதும் அது நிமிர்ந்துகொள்ளும் என்ற கணக்கும் அதில் இருந்தது. சுற்றிலும் அதே உருண்டைக் கற்கள், இடையில் செவல்மண்ணும் சரளையும், நாலங்குலத்துக்கு ஒருமுறை தண்ணீர் விட்டுக் கெட்டித்து, மேல் ஓர் அடிக்கு மட்டும் கான்கிரீட்.

கீலுக்குக் கல்லில் துளை போடலாமா என்று வெல்டர் கேட்டார். ஓரத்தில் துளை விழுந்தால் கல் ஓட்டத்தில் பிளந்துவிடும் பயம் உண்டு. அந்தக் காலத்தில் குழி கொத்தி, இரும்பு முளையை நிறுத்தி, உருக்கிய ஈயம் ஊற்றுவார்கள். அதற்கும் முந்தைய காலத்தில் கதவுக்கே மேலும் கீழும் குடுமி வைத்து, கல்லில் தோண்டிய குழிகளில் அது சுழலும். எங்களுக்கு ஒரு வழி கல்லிலேயே எழுதியிருந்தது. துருக்கோடு ஓடுகிற இடத்தில் இரண்டங்குல இரும்புப் பட்டையை நான்கு பக்கமும் வளைத்து, போல்ட் போட்டு முறுக்கினோம். கம்பி அறுத்த பள்ளம் பட்டை கீழே நழுவாமல் பிடித்துக்கொண்டது. பட்டைக்கு மேலும் கீழும் கோடு கொஞ்சம் தெரிகிறது. வலப்பக்கத்துக்கு வடக்கு மூலைக் கல். மற்ற இரண்டு மூலைக்கற்களும் வாசலையொட்டி வேலி தொடங்குகிற இடத்தில் நிற்கின்றன.

இரண்டு கல்லுக்கும் மேலே ஒரு குறுக்குக் கல் வைத்துத் தோட்டத்தின் பெயரை வெட்டலாம் என்று தம்பி சொன்னான். அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். இரண்டு நட்டு ஒன்று கிடத்தினால் அது சுமைதாங்கி. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோனவளின் நினைவுக்கு, தலைச்சுமையோடு நடப்பவர்கள் பாரத்தை இறக்கிவைக்க வழியோரம் போடுவது. நல்ல காரியம்தான், ஆனால் வீட்டு வாசலில் வைப்பதில்லை. வைக்கோல் வண்டிக்கும் வாழைத்தார் லாரிக்கும் மேலே தடையில்லாமல் இருப்பதும் நல்லதாயிற்று.

நட்ட கல் என்றால் இந்த மாவட்டத்துக்கு நீண்ட நினைவு. ஆண்டிப்பட்டி வட்டத்தில் வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். மூன்றிலும் தமிழ்-பிராமி எழுத்து. கிறிஸ்துவுக்கு முற்பட்டவை என்று ஆய்வாளர் கா. ராஜன் கணித்தார். ஒன்றில் ஆகோள் என்ற சொல் இருக்கிறது. மாடு கவர்ந்த பூசலில் மாண்டவனுக்கு எடுத்த கல். மாட்டுக்கும் வேலிக்கும் கல்லுக்கும் உள்ள உறவு அன்றைக்கே தொடங்கிவிட்டது என்று அதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன். எங்கள் கல்லில் எழுத்து எதுவும் இல்லை. வெட்டச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

வேலியை அதிகம் பேச வேண்டியதில்லை. பத்தடிக்கு ஒரு கல், நான்கு வரிசை முள்கம்பி, கம்பியை ஒட்டி உள்பக்கம் கிளுவைப் போத்து. கிளுவை ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். ஐந்தாறு வருடத்தில் கம்பி இற்றாலும் வேலி நிற்கும், ஆடும் தின்னும். வாசலுக்குப் பக்கத்தில் ஆட்கள் நடந்து வர ஒரு சின்ன வழி விட்டோம். அதற்குக் கதவு போடவில்லை. தாத்தா காலத்துத் தொழுவத்திலிருந்து துளை போட்ட இரண்டு கல் கிடைத்தன. துளைகளில் மூன்று மூங்கில் கழிகளைக் குறுக்கே செருகி இழுத்துக்கொள்ளலாம். உழலைமரம் என்று பெயர். ஆள் ஒரு கழியை நகர்த்திவிட்டுக் குனிந்து வரலாம், மாடு வரமுடியாது. பேரன் பேத்திகள் பெரிய கதவைவிட்டு அந்த வழியாகவே நுழைகிறார்கள்.

2023 மே 27ஆம் தேதி அரிக்கொம்பன் என்ற காட்டுயானை கம்பம் நகருக்குள் வந்தது. பிறகு சுருளிப் பக்கம் நகர்ந்து, ஜூன் 5இல் வனத்துறை அதைப் பிடிக்கிறவரைக்கும் இந்தப் பக்கத்து ஊர்கள் தூங்கவில்லை. தோட்டத்துக்குள் தங்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குப் போகுமுன் அப்பா என்னைக் கூப்பிட்டுப் பெரிய கதவைத் திறந்து கட்டச் சொன்னார். "வந்தா நேரா வரட்டும், நேரா போகட்டும். அது எடத்துல நாமதான இருக்கோம்." இரண்டு கதவையும் கல்லோடு சேர்த்துக் கட்டிவிட்டு வந்தோம். அது எங்கள் பக்கம் வரவில்லை. பத்து நாளும் வாசல் திறந்தே கிடந்தது. திரும்பி வந்தபோது ஒரு தேங்காய்கூடக் குறையவில்லை. கல்லின் நிழலில் யாருடைய வெள்ளாடோ படுத்திருந்தது.

கல் நட்ட வருடம் தை மாதத்தில், அப்பாவைப் பார்க்க, பந்தலில் முதல் வாளி மாட்டுகிற அந்த அக்கா வந்தார். இப்போது பாட்டி. கண் சரியாகத் தெரிவதில்லை. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர், வாசலில் நின்று தூணைத் தடவினார். கை நேராகக் காடிக்குப் போயிற்று. அங்கிருந்து ஓரத்துப் பாதிக்குழிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு இறங்கி, துருக்கோட்டில் நின்றது.

"இது கெழக்கு மூலக்கல்லுல்ல?"

"ஆமாக்கா."

"கொக்கியக் காணமே?"

அன்று சாயங்காலமே வெல்டரைக் கூப்பிட்டு, பட்டையில் ஒரு சாண் கம்பியை வளைத்துப் பற்றவைத்தேன். இப்போது வாழைக்கு மண் அணைக்க வருகிற பெண்கள் காலையில் தூக்குவாளியை அதில்தான் மாட்டுகிறார்கள்.